பார்வையாளர்: 1

முசஃபாவில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில், ஒரு ரவுட்டர்.
கடவுச்சொல் ஜெரால்டின் மகள் பிறந்த தேதி.
மாதக் காசு தராதவனுக்குத் தெரியக் கூடாதென்று
அந்தப் பிள்ளைக்கு வருடம் நாலு முறை
பிறந்தநாளை மாற்றினோம்.

அதற்கும் முன்னால், பட்டறைகளுக்குப் பின்னே
ஒரு கஃபே இருந்தது. மணிக்கு மூன்று திர்ஹாம்.
பன்னிரண்டு கணினியிலும் ஒரே பாலைவனம்,
வெளியே இருந்ததைவிடச் சற்றுக் குளிர்ந்தது.
சுட்டவன் யாரென்று தேட வேண்டாம்,
நாலு நாற்காலி தள்ளிச் சிரிப்பான்.
பெஷாவர்க்கார டிரக் ஓட்டுநர் ஒருவர்
என்னைக் கத்தியால் கொன்ற கையோடு
பாதி சமோசாவை நீட்டியிருக்கிறார்.

பிறகு எல்லோரும் கட்டிலுக்கே வந்துவிட்டோம்.
கஃபே டயர் கடையாயிற்று.
நூறு பேர் ஒரு தீவில் குதிக்கும் ஆட்டம்;
ஆறு கட்டிலில் நாலு பேர் ஓர் அணி,
மற்ற இருவர் தூக்கம் கெட்டுத் திட்டும் அணி.

அப்போது இணையத்தில் ஊருக்குப் பேச முடியாது.
மணி அடிக்கும், எடுத்தால் மௌனம்.
ஆனால் சுடுகிறவனுக்கு மைக் உண்டு.
ரஃபியுதீன்தான் கண்டுபிடித்தான்.

கார்டு தீர்வதற்குள் ஷமீமாவுக்கு விளக்கினேன்:
இறக்கு, பெயர் கொடு, விமானத்திலிருந்து என்னோடு குதி.
"குதிக்கணுமா? எனக்குத் தலை சுத்துமே."
பெயர் கேட்ட கட்டத்தில்
வீட்டு மின் இணைப்பு எண்ணை அடித்திருந்தாள்.

தீவின் வடகோடியில், கோதுமை வயலுக்கு நடுவே
ஒரு சிவப்புக் கூரை வீடு.
துப்பாக்கி கிடைக்காது, அதனால் யாரும் வர மாட்டார்கள்.
மாடிக் குளியல் தொட்டிக்குள் இருவரும் படுத்தபடி
பள்ளிக் கட்டணம் பேசினோம்.
பையனுக்கு அம்மை போட்டதை,
என் உம்மா அவளை என்ன சொன்னார் என்பதை,
அவள் திருப்பி என்ன சொல்லவில்லை என்பதை.
வட்டம் சுருங்கும். நீலச் சுவர்
வயலைத் தின்றுகொண்டே வரும்.
"வந்துடுச்சுங்க, வைக்கிறேன்" என்பாள்.
வைப்பதென்றால் சாவது.
சில இரவு மூன்று முறை வைத்திருக்கிறோம்.

ஒருநாள் பேச்சின் பாதியில் "இருங்க" என்றாள்.
சன்னலுக்குப் போனாள். ஒரு வெடி.
"என்னது?"
"எவனோ வேலியைத் தாண்டினான்.
நீங்க சொல்லுங்க, சம்பளம் போட்டாங்களா?"

அப்புறம் நடந்ததெல்லாம்
புதுப்பிப்புகளில் நடந்தது.
துப்பாக்கிக்குத் தங்கத் தோல் வந்தது,
ஜெரால்ட் அரை மாதக் கூலியை
இல்லாத ஒரு கோட்டுக்குக் கொடுத்தான்.
அவன் ஜுபைலுக்குப் போனான்.
ரஃபி கல்யாணத்துக்குப் போனவன் போனவன்தான்;
பெயருக்குக் கீழே இன்னும் எண்ணுகிறது:
கடைசியாக வந்தது 812 நாட்களுக்கு முன்.
புதிதாய்ச் சேர்ந்த பொடியன்கள்
என்னை "அங்கிள், ஓடு" என்றார்கள்.
டக்ட் தகரம் கிழித்த என் கட்டைவிரல்
திரைக்குப் புரியவில்லை.
நான் விட்டேன்.

வீட்டையும் எடுத்துவிட்டார்கள்.
அங்கே இப்போது கேபிள் கார் நிலையம்.

பேசுவதற்கு முறையான செயலி வந்தாயிற்று,
மாதம் ஐம்பது திர்ஹாம், முகமே தெரியும்.
சாப்டீங்களா, சாப்டேன், நீ, ம்.
நாலு நிமிடத்தில் அவள் கண்
திரையின் ஓரத்துக்குப் போகும்.
"சரிங்க, பசங்க காத்திருக்காங்க."
ஜெத்தாவில் ஒரு பல் மருத்துவ மாணவி,
நீர்கொழும்புப் பையன் ஒருவன்,
யாரென்று தெரியாத, பேசவே பேசாத நாலாவது ஆள்.
அக்கா எங்கே குதிக்கிறாளோ
அங்கே குதிப்பார்கள்.

இரவு ஒன்றரைக்கு
பழைய கணக்கைத் திறக்கிறேன்.
நண்பரின் ஆட்டத்தைப் பார், என்று ஒரு பொத்தான்.
மின் இணைப்பு எண்ணின் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன்.
மேல் மூலையில் கண் சின்னம், பக்கத்தில் 1.
"யாரோ பாக்குறாங்க அக்கா" என்கிறான் பையன்.
"பாத்துட்டுப் போகட்டும்."

மழை பெய்கிறது தீவில்.
முழங்காலிட்டு மூச்சடக்கிக் குறி பார்க்கிறாள்.
அவளுக்குப் பின்னால் புல் அசைகிறது.
பார்க்க வந்தவனுக்கு மைக் கிடையாது.

"பின்னால" என்றேன்.

எதிர்க் கட்டில் நேபாளிப் பையன்
திரும்பிப் பார்த்தான்.